கோஹினூர் பங்களா கைதிக்காக ஒரு கடிதம்

தாண்டிக்குடியின் காப்பித் தோட்டங்களைக் கடந்து, பண்ணைக்காடு, ஊத்து வழியாக மேலே ஏறினால் கொடைக்கானல். ஏரி, படகு, குதிரைச் சவாரி என்று சுற்றிவருபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், காஷ்மீரின் முன்னாள் பிரதமர் ஒருவர் இந்த ஊரில் கைதியாக இருந்தார் என்பது?

ஆமாம், பிரதமர்தான். அன்றைய காஷ்மீரில் முதலமைச்சர் பதவிக்கு அதுதான் பெயர். அந்தக் கைதி, ஷேக் அப்துல்லா.

1953-ல் பதவி பறிக்கப்பட்டுக் கைதானவர், இடையில் சில மாதங்கள் தவிர 1964 வரை சிறையிலேயே கழித்தார். 1965-ல் ஹஜ் யாத்திரை போனவர், வழியில் அல்ஜீரியாவில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். டெல்லிக்கு இது பொறுக்கவில்லை. மே மாதம் திரும்பி வந்து இறங்கியதுமே கைது. காஷ்மீரிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவைக்க நினைத்தார்களோ என்னவோ, முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல்.

கம்பி எண்ணவில்லைதான். தங்கியது 'கோஹினூர்' என்ற பங்களா. ஆனால் நகராட்சி எல்லையைத் தாண்டக் கூடாது, அனுமதி இல்லாமல் யாரையும் சந்திக்கக் கூடாது. ஊருக்கும் உறவுக்கும் எட்டாத இடத்தில் அறுபது வயது மனிதர். மலை எவ்வளவு அழகாக இருந்தால் என்ன?

அவருக்காகப் பேனா எடுத்தவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். 1966 ஜூனில் பிரதமர் இந்திரா காந்திக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஷேக்கை அடைத்துவைத்துவிட்டுக் காஷ்மீரில் தேர்தல் நடத்துவது, நேருவைச் சிறையில் போட்டுவிட்டு பிரிட்டிஷார் இந்தியாவில் தேர்தல் நடத்துவதைப் போன்றது என்று நேருவின் மகளுக்கே எழுதினார்! பாகிஸ்தானுடன் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. காஷ்மீர் பற்றிப் பேசியதற்காக 'தேசத்துரோகி' என்ற வசையையும் ஜே.பி. ஏற்கெனவே வாங்கியிருந்தார்.

கடிதம் கதவைத் திறந்ததா? இல்லை. 1967 தேர்தல் ஷேக் இல்லாமலேயே நடந்தது. அவர் விடுதலையானது 1968 ஜனவரியில். கடிதம் போய் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு.

அப்படியானால் எதற்காக எழுத வேண்டும்? இதற்கு ஓரளவு பதில் பிரேசிலில் கிடைத்தது. 1961-ல் லண்டனில் பீட்டர் பெனன்சன் என்ற வழக்கறிஞர் தொடங்கிய ஆம்னஸ்டி இன்டர்நேஷனல், மறக்கப்பட்ட கைதிகளுக்காக முகம் தெரியாதவர்களையும் கடிதம் எழுதவைத்தது. 1973-ல் பிரேசில் ராணுவ அரசு லூயிஸ் ரோஸி என்ற பேராசிரியரைப் பிடித்துக்கொண்டு போனபோது, உலகெங்கிலுமிருந்து அதிகாரிகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. விஷயம் வெளியே தெரிந்துவிட்டது, இனி தன்னைக் கொல்ல மாட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு விடுதலையும் ஆனார். அடைத்துவைத்தவருக்கு 'யாரோ பார்க்கிறார்கள்' என்ற உறுத்தல், உள்ளே இருப்பவருக்கு 'யாரோ நினைக்கிறார்கள்' என்ற தெம்பு. கடிதம் செய்வது இந்த இரண்டைத்தான்.

அதிகாரிக்கு எழுதினால் கைதியின் முழுப் பெயர், சிறையின் பெயர், என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். திட்டினால் குப்பைக்கூடைதான். கைதிக்கே எழுதினால் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. எப்படியும் சிறை அதிகாரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அந்த வகையில் 50 பைசா தபால் அட்டையே சௌகரியம், பிரிக்கிற வேலைகூட இல்லை! காப்பி பூத்துவிட்டது, மிளகு விலை ஏறியிருக்கிறது, நேற்று நல்ல மழை... இப்படி எழுதினாலே போதும். மழையையே பார்க்காதவருக்கு அதைவிடப் பெரிய செய்தி வேண்டுமா?

ஷேக்கின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. இப்போது கைதி, ஜே.பி.! சண்டிகர் மருத்துவமனையில் காவலில் வைக்கப்பட்டார். அவருக்குப் பொறுப்பாக இருந்தவர் எம்.ஜி.தேவசகாயம் என்ற தமிழ் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஷேக் அப்துல்லாவோ அதே ஆண்டு பிப்ரவரியில் காஷ்மீரின் முதலமைச்சராகியிருந்தார். அரசுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் இடையே ஷேக் சமரசம் பேசக்கூடும் என்ற செய்தி செப்டம்பரில் ஜே.பி.யின் காதுக்கு எட்டியது. காவலில் இருந்தபடியே காகிதமும் பேனாவும் எடுத்து, கொடைக்கானலின் அந்தப் பழைய கைதிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.