கப்பை உருண்டை போட்ட டீ

இடுக்கி மாவட்டத்தில் குமுளியிலிருந்து வண்டன்மேடு போகும் வழியில் ஆனைக்கரை இருக்கிறது. சுற்றிலும் ஏலத்தோட்டங்கள். விடியும் முன்பே கம்பம் பக்கமிருந்து ஜீப்புகள் மலை ஏறும். தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டுப் பெண்களும் ஆண்களும் வருவார்கள்.

மலையில் குளிர் அதிகம். சாயாக்கடைக்கு எப்போதும் கூட்டம் உண்டு. சிலர் பால் டீ கேட்பார்கள். சிலர் பால் இல்லாத கட்டஞ்சாயா கேட்பார்கள். பசித்தவர்கள் வேகவைத்த கப்பையும் மீன்குழம்பும் சாப்பிடுவார்கள்.

டீ ஒரு பக்கம். கப்பை ஒரு பக்கம். இரண்டையும் ஒரே கோப்பையில் போட்டால் எப்படி இருக்கும்?

சிரிக்க வேண்டாம். அப்படி ஒரு டீ உண்மையாகவே இருக்கிறது. அதன் பெயர் பபிள் டீ. போபா டீ என்றும் சொல்வார்கள். கொச்சி, கோவை, சென்னை போன்ற ஊர்களில் இதற்குக் கடைகள் உண்டு. வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது இதைப் பற்றிப் பேசுவார்கள். அது என்ன என்று நாமும் தெரிந்து கொள்வோம்.

கோப்பையில் என்ன இருக்கிறது?

பபிள் டீ பெரும்பாலும் குளிர்ந்த டீ. பெரிய கோப்பையில் தருவார்கள். அதில் டீ, பால், சர்க்கரை, ஐஸ் எல்லாம் இருக்கும். அடியில் கறுப்பு நிறத்தில் சிறு உருண்டைகள் கிடக்கும். கொண்டைக்கடலை அளவு இருக்கும்.

உறிஞ்சு குழல் நம் விரல் பருமன் இருக்கும். குழலில் உறிஞ்சினால் டீயோடு உருண்டையும் வாய்க்குள் வரும். டீயைக் குடிக்க வேண்டும். உருண்டையை மெல்ல வேண்டும். அது ஜவ்வு போல இழுபடும்.

இந்த உருண்டையைத்தான் முத்து என்கிறார்கள். இது கப்பையிலிருந்து எடுத்த மாவால் செய்தது. கறுப்பு நிறம் பெரும்பாலும் கருஞ்சர்க்கரையால் வருகிறது. சிலர் நிறம் சேர்ப்பதும் உண்டு.

பபிள் என்றால் குமிழி. டீயை ஐஸ் போட்டு மூடிக் குலுக்குவார்கள். நுரை பொங்கும். அதனால் இந்தப் பெயர் வந்தது. நம் கேரளத்தில் குலுக்கி சர்பத் இருக்கிறதே, அதுவும் இப்படிக் குலுக்குவதுதான்.

எந்த ஊர்ச் சரக்கு?

பபிள் டீ பிறந்தது தைவான் நாட்டில். சீனாவுக்கு அருகே கடலில் இருக்கும் தீவு அது. 1980களில் இந்த டீ வந்தது. யார் முதலில் செய்தார்கள் என்பதில் இரண்டு கடைகளுக்குள் போட்டி. தைனான் நகரத்து ஹன்லின் கடை, 1986இல் நாங்கள்தான் செய்தோம் என்றது. தைச்சுங் நகரத்து சுன் ஷுய் தாங் கடை, இல்லை, நாங்கள்தான் என்றது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. பல ஆண்டுகள் நடந்தது. 2019இல் தீர்ப்பு வந்தது. இந்த டீயை யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஒருவருக்கு மட்டும் உரிமை கிடையாது என்று கோர்ட் சொன்னது.

கப்பை வந்த கதை

கப்பைக்குப் பல பெயர்கள். மரவள்ளி என்பார்கள். கன்னியாகுமரியில் மரச்சீனி. சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு. பெயர் வேறானாலும் கிழங்கு ஒன்றுதான்.

இது நம் ஊர்ப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. போர்ச்சுக்கீசியர் இதைக் கேரளக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்டவர் விசாகம் திருநாள் மகாராஜா. மக்கள் கப்பை பயிரிட வேண்டும் என்று அவர் ஊக்கம் கொடுத்தார். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு இது உதவும் என்று நினைத்தார்.

அவர் நினைத்தது பின்னால் நடந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. அப்போது திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைக் கப்பைதான் காப்பாற்றியது.

அதே போர்க்காலத்தில் சேலத்தில் ஒரு தொழில் பிறந்தது. அதுவரை ஜவ்வரிசி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. போரால் கப்பல் நின்றது. 1943 வாக்கில் சேலத்துக்காரர்கள் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்று நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி அதுதான். ஆலைக்காரர்கள் சேர்ந்து 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அது சேலத்துச் சரக்கு என்று அரசே பதிவு செய்து தந்தது.

ஆகவே பபிள் டீ முத்து நமக்குப் புதியது அல்ல. பாயசத்து ஜவ்வரிசிக்கு அது பெரிய அண்ணன்.

கிழங்கு முத்தாவது எப்படி?

நூறு கிலோ பச்சைக் கிழங்கில் சுமார் 25 முதல் 30 கிலோ வரை மாவுச்சத்து இருக்கும். அதைத் தனியே எடுக்க வேண்டும்.

கிழங்கைத் தோல் சீவிக் கழுவ வேண்டும். துருவி, தண்ணீர் விட்டுக் கலக்கித் துணியில் வடிகட்ட வேண்டும். வடிந்த பால் போன்ற நீரை அசையாமல் வைத்தால் மாவு அடியில் தங்கும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மறுபடி தெளிய வைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்து வெயிலில் காயவைத்தால் வெள்ளை மாவு கிடைக்கும். காய்ந்த கப்பையை அரைத்த மாவு வேறு. அதில் முத்து வராது.

முத்து செய்ய 100 கிராம் கிழங்கு மாவு, 40 கிராம் வெல்லம், 60 மில்லி தண்ணீர் போதும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்க விட வேண்டும். கொதிக்கும்போதே பாதி மாவைப் போட்டுக் கிளற வேண்டும். பிறகு மீதி மாவைப் போட்டுச் சூடு பொறுக்கும் பதத்தில் பிசைய வேண்டும். தண்ணீர் கொதிக்காமல் இருந்தால் மாவு ஒட்டாது. உதிர்ந்து போகும். சூட்டில்தான் மாவு பசையாகிறது.

பச்சைப் பட்டாணி அளவில் உருட்ட வேண்டும். நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து 20 முதல் 30 நிமிடம் வேகவிட வேண்டும். ஒன்றை வெட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளை தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். வெந்த பிறகு கால் மணி நேரம் மூடி வைத்து, வடித்து, வெல்லப்பாகில் போட வேண்டும். சில மணி நேரத்துக்குள் சாப்பிட்டு விட வேண்டும். ஆறிக் கிடந்தால் கெட்டியாகிவிடும்.

என்னென்ன சுவை?

சாதாரணமாகக் கடுமையான டீயும் பாலும் சேர்ப்பார்கள். பச்சைத் தேயிலையிலும் செய்வார்கள். மாம்பழம், லிச்சி, ஸ்ட்ராபெரி, பேஷன் பழம் ஆகிய சுவைகளும் உண்டு. பேஷன் பழம் நம் இடுக்கி மலையிலேயே விளைகிறது. ஊதா நிறத்தில் ஒரு டீ உண்டு. அது டாரோ. டாரோ என்றால் வேறு ஒன்றும் இல்லை, நம் சேப்பங்கிழங்குதான்.

முத்துக்குப் பதிலாகவும் பல பொருள்கள் போடுவார்கள். சோற்றுக்கற்றாழைத் துண்டு போடுவார்கள். தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்துச் செய்த கட்டி போடுவார்கள். இது பிலிப்பைன்ஸ் நாட்டு வழக்கம். மூலிகையில் செய்த கறுப்பு ஜெல்லியும் உண்டு. சிவப்புப் பயறும் உண்டு. இன்னொரு வகை முத்து, கடித்தால் பட்டென்று உடைந்து பழச்சாறு வரும். அதன் தோல் கடற்பாசியிலிருந்து எடுத்த பொருளால் ஆனது.

நம்மிடமும் இப்படிக் குடித்துக்கொண்டே மெல்லும் பானங்கள் உண்டு. மதுரை ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் இருக்கிறது. குலுக்கி சர்பத்தில் சப்ஜா விதை இருக்கிறது. ஃபலூடாவில் சேமியா இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, சிறு குழந்தைகள். முத்து வழுக்கும். குழலில் வேகமாக வந்து தொண்டையில் அடைத்துக் கொள்ளலாம். மூச்சு நின்று போகும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முத்தைத் தரவே கூடாது. பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்து, மென்று சாப்பிட வேண்டும். சிரித்துக் கொண்டும் ஓடிக் கொண்டும் குடிக்கக் கூடாது.

இரண்டாவது, சர்க்கரை. ஒரு பெரிய கோப்பையில் ஏழெட்டு டீஸ்பூன் சர்க்கரை இருப்பது சாதாரணம். உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. நீரிழிவு உள்ளவர்கள் ஒதுக்குவதே நல்லது. மற்றவர்கள் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

மூன்றாவது, டீ குடிக்கும் நேரம். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கட்டஞ்சாயாவுக்கும் இதே கணக்குத்தான்.

நான்காவது, பாக்கெட்டைப் படிப்பது. 2013இல் தைவானிலேயே சில மாவுப் பொருள்களில் அனுமதி இல்லாத அமிலம் கலந்திருப்பது தெரிய வந்தது. முத்துகளும் அதில் இருந்தன. கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்தார்கள். நாம் முத்தோ ஜவ்வரிசியோ பாக்கெட்டில் வாங்கும்போது தயாரித்த தேதி, கெடும் தேதி, விலை, என்ன சேர்ந்தது என்ற விவரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்கும். எண்ணிப் பார்க்கலாம். படிக்கக் கற்றதன் பயன் இங்கேதான் தெரியும்.

கப்பையில் நஞ்சும் உண்டு

இதை மறக்கக் கூடாது. கப்பையின் கிழங்கு, தோல், இலை எல்லாவற்றிலும் சயனைடு என்ற நஞ்சாக மாறும் பொருள் இருக்கிறது. சில வகையில் குறைவு. கசக்கும் வகையில் அதிகம். தோலிலும் இலையிலும் அதிகம்.

கப்பையைப் பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை நன்றாகச் சீவி, சிறு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் துப்பிவிட வேண்டும். மாவு எடுத்த தண்ணீரையும் ஆடு மாடுக்கு வைக்கக் கூடாது.

2023 டிசம்பர் கடைசி நாளில் இடுக்கி மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் தொழுவத்தில் 13 மாடுகள் செத்துப் போயின. அவை கப்பைத் தோல் தின்றிருந்தன. அந்த வீட்டுக்குப் பால்தான் வருமானம். ஒரே இரவில் எல்லாம் போயிற்று. பலரும் உதவிக்கு வந்தார்கள். ஆனாலும் எல்லா வீட்டுக்கும் அப்படி உதவி கிடைக்குமா? பச்சைத் தோலையும் இலையையும் ஆடு மாடு எட்டாத இடத்தில் போட வேண்டும். தின்றுவிட்டுத் தள்ளாடினால் உடனே கால்நடை டாக்டரை அழைக்க வேண்டும்.

நமக்கு என்ன பயன்?

பச்சைக் கப்பை பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அதனால் கிடைத்த விலைக்கு விற்க வேண்டி வருகிறது. மாவாக்கினால் மாதக்கணக்கில் வைக்கலாம். முத்தாகவோ வடகமாகவோ செய்தால் விலை இன்னும் கூடும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963இல் தொடங்கியது. கிழங்கிலிருந்து பண்டங்கள் செய்ய அங்கே பயிற்சி தருகிறார்கள். குடும்பஸ்ரீ போன்ற பெண்கள் குழுக்கள் சேர்ந்து விசாரிக்கலாம்.

நகரத்துப் பிள்ளைகள் கோப்பைக்கு நூறு, இருநூறு ரூபாய் கொடுத்து இந்த டீயைக் குடிக்கிறார்கள். அதில் உள்ள டீயும் கப்பையும் நம் மலையிலும் விளைகின்றன. விளைவிக்கிற கைக்கு அந்த ரூபாயில் எவ்வளவு வருகிறது? குழுவாக உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

பேசிப் பார்ப்போம்

1. பபிள் டீயின் முத்து எதிலிருந்து செய்யப்படுகிறது?
2. கப்பைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?
3. சிறு குழந்தைக்கு முத்து ஏன் தரக் கூடாது?
4. கப்பைத் தோலை உங்கள் வீட்டில் எங்கே போடுகிறீர்கள்?
5. வீட்டில் உள்ள ஒரு பாக்கெட்டை எடுங்கள். கெடும் தேதியையும் 14 இலக்க எண்ணையும் தேடிப் படியுங்கள்.