குழந்தையின் மேனியில் தடிப்பு

குழந்தையின் மேனியில் நாலு சிவப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டால் போதும். வீட்டில் உள்ளோர் அனைவரும் வைத்தியர்களாகி விடுகிறார்கள். பாட்டி "உஷ்ணம்" என்பாள். அத்தை "அம்மன் வந்திருக்கிறாள்" என்பாள். அடுத்த வீட்டு மாமி கைவசமுள்ள களிம்பைக் கொடுத்தனுப்புவாள். குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா, பால் குடிக்கிறதா என்று பார்க்கத்தான் ஆளிருக்காது. நாம் முதலில் கவனிக்க வேண்டியவை அவ்விரண்டுமே.

பெரும்பாலான தடிப்புக்கள் அபாயமற்றவை. பிறந்த இரண்டொரு நாளில், பூச்சி கடித்தாற்போன்ற திட்டுக்கள், நடுவே வெண்முனையுடன் தோன்றுவதுண்டு. ஓரிரு வாரத்தில் அவை தாமே மறையும். மூக்கின்மேல் காணும் சிறு வெண்புள்ளிகளும் அப்படியே, அவற்றைக் கிள்ளலாகாது.

வியர்வை வெளிவரும் துவாரங்கள் அடைபடுவதால் கழுத்திலும் முதுகிலும் வருவது வேர்க்குரு. காற்றோட்டமும் மெல்லிய பருத்தி ஆடையும் போதும். எண்ணெயைப் பூசினால் அடைப்பு மிகும். பவுடரைத் தூவினால் குழந்தை அதைச் சுவாசித்துவிடக்கூடும்.

ஈரத்துணி படும் இடம் சிவந்தால், துணியை அடிக்கடி மாற்றிக் காற்றாட விட்டால் ஆறும். தொடை இடுக்குகளும் சிவந்து, சுற்றிலும் சிறு புள்ளிகள் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைக் காளான். அதற்கு வைத்தியர் தரும் மருந்து வேண்டும்.

சில மாதக் குழந்தையின் கன்னம் வறண்டு, சொரசொரத்து, அரித்தால் அது கரப்பானாக இருக்கலாம். ஆஸ்த்துமா உள்ள குடும்பங்களில் இது அதிகம். 'கரப்பான் பண்டம்' என்று தாய் ஒவ்வோர் உணவாக விலக்கிக்கொண்டே போனால், பாலூட்டும் அவள் உடம்புதான் நலியும். வைத்தியர் சொன்னாலன்றிப் பத்தியம் வேண்டுவதில்லை. வாசனையற்ற களிம்பை நாள்தோறும் தடவிச் சருமத்தை உலராமல் காப்பதே முதற் சிகிச்சை.

பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததென 1980-ல் அறிவிக்கப்பட்டது. தட்டம்மையோ இன்னும் ஒழியவில்லை. ஜுரம், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள் ஆகியவை முந்திவர, சில நாளில் முகத்திலும் காதுக்குப் பின்னும் தொடங்கித் தடிப்பு கீழே இறங்கும். வேப்பிலை கட்டுவதில் தவறில்லை. வைத்தியரிடம் போகாதிருப்பதே தவறு. இந்நோய் நிமோனியாவில் முடியக்கூடும். நம் தேசத்தில் 9 மாதம் நிறைந்ததும் ஒருமுறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறை, இதற்குத் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது.

மாநிறக் குழந்தைகளிடம் சிவப்பு எளிதில் புலப்படாது. ஆகையால் கையால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால்களையும் நோக்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைத் தடிப்பின்மேல் அழுத்துங்கள். நிறம் மறையாவிடில், தோலினடியில் இரத்தம் கசிந்திருக்கலாம். அத்துடன் ஜுரமும் இருந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 100.4 டிகிரி ஜுரம் கண்டாலும், பால் மறுத்துத் துவண்டு கிடந்தாலும் அவ்வாறே. நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வோமாக.