நாடுகளின் போக்குவரத்தை அளப்பது எங்ஙனம்?

குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் நெடுவீதியில், மாத்தளை மாவட்டத்தின் மேற்கெல்லையை அடுத்துள்ளது கலேவெல. 1880ஆம் ஆண்டில் மாத்தளையை எட்டிய இருப்புப்பாதை அந்நகரோடு நின்றுவிட்டது. ஆகவே கலேவெல மக்களுக்கு பஸ்ஸும் லொறியுமே கதி.

இலங்கையின் இருப்புப்பாதை ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். இந்தியாவினுடையது 68,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. எது முந்தியது? நிலப்பரப்பால் வகுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றே வரும். மக்கள் தொகையால் வகுத்தாலோ இலங்கை முந்திவிடும். வகுக்கும் எண்ணை மாற்றினால் வெற்றியாளரும் மாறுவார்!

பாதையின் நீளத்தை விடுத்து வேலையை அளக்க விரும்புவோர் ‘தொன் கிலோமீட்டர்’ என்னும் அளவையைக் கையாளுகின்றனர். ஒரு தொன் சரக்கு ஒரு கிலோமீட்டர் சென்றால் அது ஓர் அலகு. நல்ல அளவைதான், ஆயினும் கலேவெலயில் நின்று அதனைச் சோதித்துப் பார்ப்போம்.

1999ஆம் ஆண்டு முதல் தம்புள்ளையில் பெரும் மொத்தச் சந்தையொன்று இயங்கி வருகிறது. கலேவெலத் தோட்டத்து மரக்கறி முதலில் வடக்கே அங்குச் செல்லும். விலைபேசி முடிந்ததும், கொழும்புக்குப் போகும் லொறியில் ஏறி, புறப்பட்ட ஊரின் வழியாகவே தெற்கே திரும்பும். போகவர முப்பது கிலோமீட்டருக்கு மேல் வீண் பயணம். பத்துத் தொன் சரக்காயின் முந்நூறுக்கு மேற்பட்ட அலகுகள் கணக்கில் ஏறும். புள்ளிவிவரம் இதனை வளர்ச்சியென்றே எழுதிக்கொள்ளும்.

சரக்கின் நிலையையும் அவ்வளவை நோக்குவதில்லை. மூட்டைமேல் மூட்டையாக அடுக்கிய தக்காளி வழியில் நசுங்கினாலும் அதன் எடை குறைவதில்லை. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அரசு பிளாஸ்டிக் பெட்டிகளைக் கட்டாயமாக்க முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களை மூடரென்று தள்ளிவிட முடியாது: சாக்கை மடித்து வைக்கலாம், வெற்றுப் பெட்டியோ திரும்பும் லொறியில் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்டியில் அடுக்கினால் ஒரு லொறி கொள்ளும் எடையும் குறையும். மக்களுக்கு நல்ல தக்காளி கிடைக்கும். தொன் கிலோமீட்டரோ சரியும்!

உலக வங்கி 2023ஆம் ஆண்டில் 139 நாடுகளின் சரக்கு நகர்வுத் திறனைத் தரவரிசைப்படுத்தியபோது சிங்கப்பூர் முதலிடம் பெற்றது, இந்தியா 38ஆவது. சுங்கம், துறைமுகம், பன்னாட்டு அனுப்புகை ஆகியவற்றையே அவ்வரிசை பெரிதும் நோக்குகிறது. கப்பல் ஏறும் தேயிலைக்கு அது பொருந்தும். கலேவெல விவசாயியின் கேள்வியோ வேறு: ஏற்றிய மூட்டைகளுள் எத்தனை விற்கத்தக்க நிலையில் இறங்கின? மேற்கூறிய கணக்குகள் எவற்றிலும் அதற்கு விடை இல்லை.