உங்களுக்குத் தெரியுமா? எந்திரம் தொடாத சட்டை

அமெரிக்க விடுதலைப் போரை (1775–1783) அக்கால உடையிலேயே நடித்துக் காட்டும் ஆர்வலர்கள் பலர், தங்கள் சட்டையையும் கோட்டையும் கையாலேயே தைக்கிறார்கள். எலியாஸ் ஹோவ் தையல் எந்திரத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றதே 1846-இல்தான்!

● அக்கால ஆண்கள் சட்டையில் வளைவான வெட்டு கிடையாது. லினன் துணியைச் சதுரமும் செவ்வகமுமாக வெட்டியதால் துணி வீணாகவில்லை.

● அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டை மூலைவாட்டாக வைத்துத் தைத்தார்கள். கையை உயர்த்தினாலும் தையல் கிழியாது.

● சட்டை தொடை வரை நீண்டது. பகலில் அதுவே உள்ளாடை, இரவில் அதுவே படுக்கை உடை.

● லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்த பிறகே ஊசியில் கோத்தார்கள். நூல் சிக்காது, பிசிறாது, வலுவும் கூடும்.

● கோட்டுக்கான கம்பளித் துணியை நீரில் நனைத்து அடித்து இறுக்கினார்கள். வெட்டிய ஓரம் பிரியாததால் பல இடங்களில் அதை மடித்துத் தைக்கத் தேவையில்லை.

● இஞ்ச் டேப் அப்போது இல்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு காகிதப் பட்டை. தோள், மார்பு, இடுப்பு அளவுகள் அதில் சிறு வெட்டுகளாகப் பதிந்தன.

● 1769-இல் பிரான்சின் கார்சோ வெளியிட்ட தையற்கலை நூலின் வரைபடங்கள் இன்றும் வழிகாட்டுகின்றன.

● வர்ஜீனியாவின் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், தையல்காரர்கள் பார்வையாளர்கள் முன்னிலையில் இம்முறையிலேயே தைக்கிறார்கள். ஒரு கைத்தொழிலைக் காப்பாற்ற, அதைச் செய்து பழகுவதைவிட நல்ல வழி வேறில்லை.