பெருநாடி வால்வுச் சுருக்கம்: எக்கோ அளவுகள் முரண்படும்போது

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடலெங்கும் ரத்தம் புறப்படும் வாயிலில் அமைந்த பெருநாடி வால்வு, பெரும்பாலும் முதுமையில் கால்சியம் படிந்து விறைத்து, முழுமையாகத் திறக்க இயலாமல் போவதே பெருநாடி வால்வுச் சுருக்கம் எனப்படுகிறது. வால்வைக் கடக்கும் ரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 4 மீட்டரையும், வால்வின் இருபுறத்துச் சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசத்தையும் எட்டி, திறப்பின் பரப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே இறங்கியிருந்தால் சுருக்கம் கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பரப்பு 0.85 என்று கடுமையையும், அழுத்த வேறுபாடு 28 என்று மிதமான நிலையையும் ஒருசேரக் காட்டும் எக்கோ அறிக்கைகள் அரிதானவை அல்ல. வால்வை மாற்றுவதா, காத்திருப்பதா என்ற முடிவே இந்த முரணில் தொங்குகிறது.

முதலில் ஐயுற வேண்டியது அளவெடுத்த முறையையே. பரப்பு நேரில் அளக்கப்படுவதில்லை. வால்வுக்குச் சற்றுக் கீழுள்ள வெளியேற்றப் பாதையின் விட்டத்தையும், ஒரு துடிப்பில் அங்கேயும் வால்விலும் ரத்தம் கடக்கும் தொலைவையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. அத்தொலைவுகள் முறையே 20, 60 செ.மீ. எனில், விட்டம் 2 செ.மீ. என்று அளந்தால் பரப்பு 1.05 வரும், அதையே 1.8 என்று அளந்துவிட்டால் 0.85 ஆகிவிடும். விட்டம் இருமடியாகப் பெருக்கப்படுவதால், இரண்டே மில்லிமீட்டர் பிழை நோயாளியை எல்லைக்கோட்டின் மறுபக்கம் தள்ளிவிடுகிறது. போதாக்குறைக்கு, அப்பாதை பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்க, கணக்கு அதை வட்டமாகவே கொள்கிறது. மறுபுறம், டாப்ளர் கதிர் ரத்தத் தாரையின் திசையோடு ஒன்றாவிட்டால் வேகம் குறைவாகப் பதிவாகும். எனவே இதய நுனிப் பக்கத்தோடு நின்றுவிடாமல் மார்பெலும்பின் வலப்புறத்திலிருந்தும் தேடிப் பார்ப்பது அவசியம்.

உடலளவும் கணக்கில் சேர வேண்டும். உடற்பரப்பு 1.4 சதுர மீட்டர் உள்ள சிறிய உருவப் பெண்ணுக்கு 0.9 என்ற திறப்பு, சதுர மீட்டருக்கு 0.64 ஆகிறது, கடுமைக்கான எல்லையோ 0.6.

இவையெல்லாம் சரியாக இருந்தும் முரண் நீடித்தால், ரத்த ஓட்டத்தின் அளவைக் கவனிக்க வேண்டும். அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் இருமடியைச் சார்ந்தது என்பதால், ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் குறைந்தால், மிகக் கடுமையான சுருக்கமும் மிதமானதாக வேடமிடும். இதயத்தசை தளர்ந்ததால் ஓட்டம் குறைந்தவர்களுக்குக் குறைந்த அளவில் டோபுட்டமின் மருந்து செலுத்தி எக்கோ எடுக்கும்போது, ஓட்டம் கூடியும் பரப்பு 1-க்குக் கீழேயே நின்று அழுத்த வேறுபாடு 40-ஐத் தொட்டால் அது மெய்யான கடுமை. பரப்பு விரிந்தால், தளர்ந்த இதயம் வால்வைத் திறக்க வலுவின்றி இருந்தது என்று பொருள். இதயம் நன்றாகச் சுருங்கியும், கீழறைச் சுவர் தடித்து உள்ளிடம் சிறுத்ததால் ஓட்டம் குறையும் வகையைக் கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 2007-இல் விரிவாக எடுத்துக்காட்டினர். இத்தகையோரை, இதயம் நன்கு இயங்குகிறது என்ற ஒன்றை மட்டும் நம்பித் திருப்பியனுப்புவது பெரும் தவறு.

இந்த வகையில் பெரிதும் கைகொடுப்பது, சாய மருந்தின்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் காட்டும் கால்சியம் மதிப்பெண். ஆண்களுக்கு 2000-க்கும், பெண்களுக்கு 1200-க்கும் மேற்பட்டால் கடுமையான சுருக்கத்துக்கே வாய்ப்பு அதிகம். பெண்களின் வால்வில் கால்சியத்தைவிட நார்த்திசுவின் பங்கு கூடுதலாக இருப்பதால் அவர்களுக்கான எல்லை தாழ்வாக வைக்கப்பட்டுள்ளது. ஆண்களுக்கு 1600-க்கும், பெண்களுக்கு 800-க்கும் குறைந்தால் கடுமைக்கு வாய்ப்புக் குறைவு. இடைப்பட்ட மதிப்பெண் பெற்றவர்களுக்கு, ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியபின் எக்கோவைத் திரும்ப எடுத்து, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்து இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கூடியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.