நோயாளிக்குத் திருவுளச் சீட்டா?

உறவினர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடிக் கொண்டிருக்கிறார். அவ்வேளையில் மருத்துவர் ஒரு தாளை நீட்டி, "இவரை ஓர் ஆய்வில் சேர்க்க உங்கள் சம்மதம் வேண்டும்" என்கிறார். "எங்கள் மீதா பரீட்சை பார்க்கிறீர்கள்?" என்று சினப்பதே நம்மவர் பெரும்பாலோர் வழக்கம். வேலூருக்கும் பெங்களூருக்கும் ரயிலேறி வைத்தியம் தேடும் தங்கவயல் தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி என்றேனும் எதிர்ப்படக்கூடும்; ஆதலின் முன்னரே சிந்தித்து வைப்பது நன்று.

2021ஆம் ஆண்டு சித்திரை மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. நந்திதுர்க்கில் எங்கள் லைனில் ஒரு குடும்பத்தார், நோயுற்ற பெரியவருக்குப் பிளாஸ்மா வேண்டுமென்று ஊரெல்லாம் அலைந்தனர். கொரோனாவிலிருந்து மீண்டவரின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் நீரே அது. தாயின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பிளாஸ்மா கிடைத்தது, பெரியவர் பிழைக்கவில்லை.

அந்தோ! அதனால் பயனில்லை என்பது அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு இதனை ஆய்ந்தது. 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் பிளாஸ்மாவும், 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டன. 28 நாட்களுக்குள் முதல் பிரிவில் 34 பேரும் இரண்டாம் பிரிவில் 31 பேரும் இறந்தனர். 2020 அக்டோபரில் இம்முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆயினும் 2021 மே 17 அன்றுதான் அரசின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. இந்தத் தாமதத்தை என்னால் இன்னும் பொறுக்க இயலவில்லை.

யாருக்குப் பிளாஸ்மா, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையிலேயே தீர்மானித்தனர். இது கொடுமையன்றோ எனலாம். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தேறக்கூடியவருக்கே புதிய மருந்தைக் கொடுத்துவிடக் கூடும். அவர் பிழைத்தது மருந்தாலா, உடல் வலிவாலா என்று எவ்வாறு அறிவது? மேலும், சீட்டில் மருந்து கிடைக்காதவர் கைவிடப்பட்டவர் அல்லர். எது நல்லதென்று எவருக்கும் தெரியாத நிலையில்தான் இம்முறைக்கு இடமுண்டு. பொன்னை உரைக்காமல் வாங்காத ஊர் நம் ஊர்!

இதே முறை உயிர் காத்ததும் உண்டு. டெக்சாமெதசோன் நெடுங்காலமாக வழக்கிலுள்ள மலிவான மருந்து. இங்கிலாந்தில் 6,425 நோயாளிகளிடம் அதனைச் சோதித்து, 2020 ஜூனில் முடிவை அறிவித்தனர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரில், மருந்து பெறாதவர்களுள் நூற்றுக்கு 41 பேர் இறந்தனர். பெற்றவர்களுள் 29 பேரே இறந்தனர். பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மை காணப்படவில்லை. இதனை மறந்து நம் நாட்டில் பலர் இவ்வகை மருந்தை அளவின்றி உட்கொண்டதும், 2021இல் நீரிழிவு நோயாளர் பலரைக் கரும்பூஞ்சை நோய் பற்றியதற்கு ஒரு காரணமாயிற்று.

இனி, தாளை நீட்டினால் செய்ய வேண்டியது யாது? உடனே மறுக்கவும் வேண்டா. படியாமல் கையொப்பமிடவும் வேண்டா. நமக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்பது நம் உரிமை. கன்னடமோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவர் தமிழில் கேட்கலாம். எழுத்தறியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சேர மறுத்தாலும், இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. மருந்துச் சோதனையால் ஊறு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டென்று 2019ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. நோயாளி நினைவிழந்திருந்தால் உறவினர் அவர் சார்பில் ஒப்பமிடலாம். நினைவு திரும்பியபின் அவரிடமே மீண்டும் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும்.