இயந்திரத்தின் பிறந்த ஊர்

கற்கும் முன்

பெங்களூரின் வைட்ஃபீல்டில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வண்டி நிறுத்துமிடத்தில் ‘டிஎன்’ என்று தொடங்கும் பதிவெண்களும் ‘கேஏ’ என்று தொடங்கும் பதிவெண்களும் அருகருகே காணப்படும். ஊர் மாறினால் பதிவெண் மாறலாம். ஆனால், எந்த ஊருக்குச் சென்றாலும் மாறாத எழுத்துகளும் ஒவ்வொரு வண்டியிலும் உண்டு. அவை எங்கே உள்ளன? அவற்றைப் படிப்பது எப்படி?

மாறும் எண்ணும் மாறாத எண்ணும்

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடும்பம் வைட்ஃபீல்டில் குடியேறுகிறது. தாத்தா ஓட்டிய பழைய புல்லட்டும் உடன் வருகிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். முன்பு பதிவு செய்த அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று, கர்நாடக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கே பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒப்பிடப்படும். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கும் வழக்கமும் உண்டு. ஓர் எழுத்து வேறுபட்டாலும் வண்டி யாருடையது என்ற ஐயம் எழும், பதிவும் தடைபடும். பதிவெண்ணை வண்டியின் முகவரி எனலாம்; பொறித்த எண் அதன் பிறப்புச் சான்று ஆகும்.

புடைத்த எழுத்தும் பதிந்த எழுத்தும்

இயந்திரப் பாகங்களில் இருவகைக் குறிகள் உள்ளன. முதல் வகை, வார்ப்புக் குறி. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போதே அச்சில் உள்ள எழுத்துகள் பாகத்தின் மேல் புடைத்து நிற்கும். பாகத்தின் வகையையும், சில வேளைகளில் அது வார்க்கப்பட்ட நாளையும் இக்குறி தெரிவிக்கும். ஒரே அச்சில் வார்த்த பல பாகங்களில் ஒரே குறி இருக்கும்.

இரண்டாம் வகை, பொறிப்புக் குறி. பாகம் முழுமை பெற்றபின் எஃகு அச்சுகளால் அடித்துப் பதிக்கப்படுவது இது. இதன் எழுத்துகள் உலோகத்துள் பள்ளமாக அமையும். எஞ்சின் எண் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. ஓர் இயந்திரத்தின் எண் மற்றோர் இயந்திரத்திற்கு வராது.

நாளைச் சொல்லும் குறியீடு

1960-களில் அமெரிக்காவில் ‘மசில் கார்’ எனப்படும் ஆற்றல் மிகுந்த கார்கள் புகழ்பெற்றன. அவற்றின் பழைய இயந்திரங்களை ஆராய்வோர் இக்குறிகளை மிக நுட்பமாகப் படிக்கின்றனர். அக்காலத்துச் செவர்லே சிலிண்டர் பிளாக்குகளில் ‘சி 14 9’ என்பது போன்ற வார்ப்புக் குறியைக் காணலாம். முதலெழுத்து மாதத்தைக் குறிக்கும்: ‘ஏ’ ஜனவரி, ‘பி’ பிப்ரவரி, ‘சி’ மார்ச். அடுத்தது நாள். இறுதி எண் ஆண்டின் கடைசி இலக்கம். ஆகவே இது மார்ச் 14-ஆம் நாள் வார்க்கப்பட்டது.

ஆண்டு 1959-ஆ, 1969-ஆ என்ற ஐயம் எழலாம். அதைத் தீர்க்க, அதே பிளாக்கில் உள்ள வார்ப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த வகை எந்த ஆண்டுகளில் தயாரிக்கப்பட்டது என்பதை அது உணர்த்தும். இனி, ‘வி0325’ என்று தொடங்கும் பொறிப்பு இருந்தால், அந்த இயந்திரம் ஃபிளின்ட் நகர ஆலையில் மார்ச் 25-ஆம் நாள் ஒன்றிணைக்கப்பட்டது எனலாம்.

இங்கே ஓர் எளிய விதி உண்டு. முதலில் வார்ப்பு, பிறகு இயந்திரம், அதன்பிறகே முழுக் கார். காருக்குப் பின்னர் வார்க்கப்பட்ட இயந்திரம் அக்காரின் பிறவி இயந்திரமாக இருக்க முடியாது.

திருவொற்றியூர் புல்லட்

நம் நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அதன் ஆலை அமைந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து கப்பலில் வந்த பாகங்களை ஒன்றிணைத்தே 350 சிசி புல்லட் உருவானது. பின்னர்ப் படிப்படியாக அனைத்துப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்தில் தயாரிப்பு நின்ற பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த வண்டி தமிழ் மண்ணில் வேரூன்றி, இந்நாட்டு வண்டியாகவே மாறியது.

பழைய புல்லட்டில் எஞ்சின் எண் கிராங்க்கேஸின் மேலும், சேசிஸ் எண் கைப்பிடி பொருந்தும் கழுத்துப் பகுதியிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகளில் சேசிஸ் எண் பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பாதிருக்க ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறா. இந்தியாவில் தயாரான வண்டியின் எண் ‘எம்’ என்னும் எழுத்தில் தொடங்கும்.

போலியை அறிதல்

பிறவி இயந்திரத்தோடு உள்ள பழைய வண்டிக்கு விலை மிகுதி. அதனால் சிலர் உண்மை எண்ணை அராவி அழித்து, வேறு எண்ணைப் பொறிக்கின்றனர். திருட்டு வண்டியை மறைக்கவும் இவ்வாறு செய்வதுண்டு. இது குற்றமாகும்.

ஆனால் உலோகம் எளிதில் மறப்பதில்லை. மேற்சொன்ன செவர்லே பிளாக்குகளில், எண் பொறிக்கும் தளத்தை ஆலையில் சீவும்போது மெல்லிய இணைகோடுகள் தோன்றும். அராவினால் அவை மறையும். மேலும், அச்சால் அடிக்கும்போது எழுத்துக்குக் கீழேயுள்ள உலோகமும் அழுந்துகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த அழுத்தம் உள்ளே எஞ்சும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அவ்விடத்தில் அமிலக் கரைசலைத் தடவுவர். அழுந்திய பகுதியும் அழுந்தாத பகுதியும் வெவ்வேறு விதமாக அரிக்கப்படுவதால், அழிந்த எண் மீண்டும் தெரியக்கூடும்.

2021-இல் நடுவண் அரசு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பெரும் வண்டிகளுக்கு ‘விஏ’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வழங்க விதி வகுத்தது. வண்டி தன் முதல் வடிவத்தில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே பழைய வண்டியைப் பழுதுபார்ப்போர், துருவை நீக்கும்போதும் வண்ணம் பூசும்போதும் எண்கள் சிதையாமல் காக்க வேண்டும்.

வைட்ஃபீல்டுக்கு வந்த புல்லட்டுக்கு ‘கேஏ’ பதிவெண் கிடைக்கிறது. அது இனி இவ்வூர்ச் சாலைகளில் ஓடும். கிராங்க்கேஸின் மேல் திருவொற்றியூரில் பொறித்த எண்ணோ அப்படியே இருக்கும்.

சொற்பொருள்

வார்ப்பு – உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி உருவாக்குதல்
பொறித்தல் – பள்ளமாகப் பதித்தல்
அராவுதல் – அரத்தால் தேய்த்தல்
ஐயம் – சந்தேகம்
தடயம் – குற்றத்தை அறிய உதவும் அடையாளம்

பயிற்சி

1. வார்ப்புக் குறிக்கும் பொறிப்புக் குறிக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. ஒரு பிளாக்கில் ‘எஃப் 8 7’ என்று உள்ளது. அது 1967-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அக்கார் 1967 மே 20 அன்று தயாரானது எனில், அது பிறவி இயந்திரமா? காரணம் கூறுக.
3. அழிக்கப்பட்ட எண்ணை அமிலக் கரைசல் எவ்வாறு வெளிப்படுத்துகிறது?
4. செயல்பாடு: ஒரு நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க. ஆண்டின் கீழே வைர வடிவம் இருப்பின் அது மும்பையிலும், விண்மீன் இருப்பின் ஐதராபாத்திலும், புள்ளி இருப்பின் நொய்டாவிலும், குறி இல்லையெனில் கொல்கத்தாவிலும் அச்சிடப்பட்டது. உங்கள் நாணயம் எங்கே பிறந்தது?